பிழை எதுவும் இல்லை

இருபது வருடம் சேலத்துக் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டியவர் எழுமலை. நாற்பத்தாறு வயதில், மொபைல் செயலி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நஸ்ரீனின் அலுவலகப் படியேறினார். அவள் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

அந்த வருடம் ஒரு வேலை வந்தது. கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் காதைச் சோதிக்கும் செயலி. ஹெட்போனில் மெல்லிய ஒலிகள் வரும். கேட்டால் திரையைத் தொட வேண்டும். எந்தக் காது எவ்வளவு மந்தம் என்று செயலி கணக்குப் போட்டுச் சொல்லும்.

கணக்குப் போடும் லைப்ரரியை, அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பை, வேறு யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதைச் செயலிக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிட வேண்டும். எழுமலையிடம் நஸ்ரீன் கொடுத்தது அந்த ஒரு வேலைதான்.

மூன்று நாளாகக் கட்டினார். ஒவ்வொரு முறையும் பதினேழு எரர். இந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பு. நான்காம் நாள் நாலு மணிக்கு, செயலி போட்ட போன்களையும் எழுமலையையும் ஏற்றிக்கொண்டு வண்டி மலைக்குக் கிளம்ப வேண்டும்.

அன்று காலை பதினோரு மணிக்கு எழுமலை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மேடம், முடிஞ்சுது. ஒரு எரர் கூட இல்ல."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நஸ்ரீன் ஹெட்போனை வாங்கி இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இடது காது பிறவியிலேயே கேட்காது. அது எழுமலைக்கும் தெரியும்.

சோதனை ஓடியது. அவள் விரல் திரையைத் தொடவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்துப் பச்சை எழுத்தில் வந்தது: இந்தக் காது நன்றாகக் கேட்கிறது.

நஸ்ரீன் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எங்கம்மா எத்தனையோ தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க நாலே நாள்ல சரி பண்ணிட்டீங்க."

எழுமலைக்கு முகம் வியர்த்தது.

"இல்லாத பேரெல்லாம் நானே எழுதிட்டேன் மேடம். பதினேழு பேரையும். உள்ள ஒண்ணும் வைக்கல. பூஜ்யம்னு மட்டும் சொல்லச் சொன்னேன்."

"பூஜ்யம்னா?"

"மந்தம் பூஜ்யம்." சொல்லும்போதே குரல் இறங்கியது. "எல்லாக் குழந்தைக்கும்."

அவள் திட்டவில்லை.

"மைக்செட் போடுறப்ப ஸ்பீக்கர் கரகரன்னா என்னண்ணே பண்ணுவீங்க?"

"ஒயரப் புடிச்சுக்கிட்டே போவேன். எங்கியோ ஒரு ஜாயின்ட் விட்டிருக்கும்."

"ஸ்பீக்கர் ஒயரையே புடுங்கிட்டா?"

"கரகரப்பு நின்னுரும்." எழுமலை நிறுத்தினார். "பாட்டும் நின்னுரும்."

நஸ்ரீன் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் போய் உட்கார்ந்தார். தான் எழுதிய பதினேழு வெற்றுப் பெயர்களையும் அழித்தார். சிவப்பு மறுபடி வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை. முதல் எரரை முதல் எழுத்திலிருந்து படித்தார். எந்தப் பெயர் இல்லை என்பதற்கு அடுத்த வரியில், அந்தப் பெயரைக் கேட்பது யார் என்றும் எழுதியிருந்தது. மூன்று நாளாக அந்த வரியை அவர் பார்த்ததே இல்லை. கேட்டது அவருடைய செயலி இல்லை. அந்த லைப்ரரியேதான். தனக்குத் துணையாக இன்னொரு லைப்ரரி வேண்டும் என்று பதினேழு தடவையும் அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

துணையைத் தேடி எடுத்துச் சேர்த்தார்.

"மேடம், பதினேழும் போச்சு. புதுசா ஒண்ணு வந்திருக்கு."

"பழைய எரரா, வேற எரரா?"

"வேற."

"சரி, நகர்ந்திருக்கீங்க."

புதியது வேறு மாதிரிப் பேசியது. இந்தத் துணை லைப்ரரி போனில் இருக்கும் சிப்புக்காகச் செய்ததில்லை என்றது. பார்த்தால், மேசைக் கம்ப்யூட்டருக்காகச் செய்ததை எடுத்துப் போட்டிருந்தார். போனுக்கென்று புதிதாகச் செய்தார். மணி இரண்டரை. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. நெரிசலான பந்தலில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போவதுபோல் அடுத்த வரியைப் படித்தார்.

"மேடம், இப்ப ரெண்டு."

"அதேவா?"

"வேற." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டுமே வேற."

இந்த இரண்டும் அவருடைய சொந்தத் தப்பு. துணை லைப்ரரியை இயக்க இன்று புதிதாக எழுதிய இரண்டு வரிகளில், அது ஒரு பெயரை வைத்திருக்க, இவர் வேறு எழுத்தில் கூப்பிட்டிருந்தார். எழுத்தைத் திருத்தினார்.

மூன்றேகாலுக்குச் செயலி கட்டி முடிந்தது. திரையில் சிவப்பு இல்லை. எழுமலை சந்தோஷப்படவில்லை. போனை எடுத்துக்கொண்டு நஸ்ரீனின் மேசைக்கு வந்து நின்றார்.

அவள் ஹெட்போனை முதலில் வலது காதில் வைத்தாள். விரல் திரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. பிறகு இடது காதுக்கு மாற்றினாள். எழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் அசையவில்லை. ஒலி ஏறிக்கொண்டே போவதைத் திரையில் இருந்த கோடு காட்டியது. அப்போதும் விரல் அசையவில்லை.

சிவப்பு எழுத்து வந்தது: இந்தக் காது கேட்கவில்லை.

"கேக்கல! மேடம், கேக்கலன்னு சொல்லிருச்சு!"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுமலை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். உங்க காதப் பத்தி நான் இப்படி..."

நஸ்ரீன் ஹெட்போனைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா, திமிருன்னு ஒன்பது வயசு வரைக்கும் என்னை அடிச்சாங்கண்ணே. அந்த மலையில எத்தனை பேரு அடி வாங்கிட்டு இருக்காங்களோ. போங்க, வண்டி நிக்குது. அங்க போயும் இதே மாதிரி சத்தமாச் சொல்லுங்க."