முப்பத்தொன்பதாம் பக்கம்

காலை 8.40. மூன்றாவது முறையும் தோற்றாயிற்று. சிகாமணி குருவுக்குப் போன் போட்டார்.

"பன்னிரண்டு வருஷம் ஒரு காட்சி நிறுத்தாம ஓட்டின பெட்டிம்மா. ஒரே காலையில கொன்னு போடுறானுங்க. இது நியாயமா?"

"கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. வர்றேன்" என்றார் குரு.

போன் வைக்கப்பட்டது.

பெட்டி என்று சிகாமணி சொன்னது, அவர் ஆபரேட்டராக இருக்கும் மணப்பாறை கோமளம் தியேட்டரின் இரண்டாம் அரங்கு சர்வரை. படம் அதற்குள்தான் இருக்கும். அது எழுந்தால்தான் ப்ரொஜெக்டருக்கு வேலை.

அன்று 2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. புதுப் படம் பழைய சாஃப்ட்வேரில் ஓடாது, அப்டேட் போட வேண்டும் என்று கம்பெனி முந்தின நாள் சாயங்காலம் ஒரு பென்டிரைவை அனுப்பியிருந்தது. ஆள் அனுப்பவில்லை.

பதினோரு மணிக் காட்சிக்குப் பெட்டி எழாவிட்டால், சீட்டுகளைக் கழற்றிவிட்டு அரங்கை ஃபர்னிச்சர் குடோனுக்கு விடப்போவதாக முதலாளி தனபாலன் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

குடோனுக்கு ஆபரேட்டர் தேவையில்லை.

குருவின் பெயர் எஸ்தர். முப்பத்து மூன்று வயது. சிகாமணியைவிட இருபது வயது இளையவர். பெட்டியைச் செய்த கம்பெனியில் இருந்து விலகியவர். திருச்சி வட்டாரத்து ஆபரேட்டர்கள் முதலில் கிண்டலுக்குத்தான் குரு என்றார்கள். நாளடைவில் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

9.35-க்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சிகாமணி ஆரம்பித்துவிட்டார்.

"கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மாடல் நம்பரைக் கேட்டான். சொன்னேன். சிரிக்கிறான்மா. இன்னுமா சார் அதை வெச்சிருக்கீங்கங்கிறான். என் மெஷின் ஓடுது, நான் வெச்சிருக்கேன். அவனுக்கு என்ன வந்துச்சு?"

"அப்டேட் போட்டதும் என்ன ஆச்சு?"

"பாதியில மானிட்டர் செத்துப்போச்சு. ஒரே இருட்டு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ரொம்ப நேரம் பார்த்தேன். அப்புறம் கரண்டைப் புடுங்கிட்டுத் திரும்பப் போட்டேன். பழைய வெர்ஷன்லேயே வந்து நிக்குது."

"ரொம்ப நேரம்னா?"

சிகாமணி யோசித்தார்.

"மூணு நிமிஷம் இருக்கும்."

எஸ்தர் ப்ரொஜெக்டர் அறைக்குப் போய் பென்டிரைவைச் சொருகினார். அப்டேட்டை ஓட விட்டார்.

9.57-க்கு மானிட்டர் இருண்டது.

சிகாமணியின் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது.

எஸ்தர் அந்தக் கையைப் பிடித்து, ஆளையே வெளியே கூட்டிவந்தார். அறையைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். படியிறங்கி அரங்குக்குள் அழைத்துப்போய், நடு வரிசையில் ஒரு சீட்டைக் காட்டினார்.

"உட்காருங்க."

"எதுக்கு?"

எஸ்தர் போய் அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டு வந்து, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

எதிரே வெள்ளைத்திரை இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது நிமிஷம் சிகாமணி எழுந்தார்.

"உட்காருங்க அண்ணே."

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? தொண்ணூத்தெட்டுல பிலிம் அறுந்து திரை பதினோரு செகண்ட் இருட்டாச்சு. எண்ணிப் பதினோரு செகண்ட். எட்டு சீட்டைக் கிழிச்சானுங்க. எங்க அம்மாவை, அக்காவை, ஒருத்தரை விடாமத் திட்டினானுங்க. கதவைத் தட்டுறவன் தட்டுறான், நான் உள்ள பிலிமை ஒட்டுறேன். அதுல இருந்து திரை இருட்டானா எனக்குக் கை நிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா உட்காரச் சொல்றீங்க?"

"ஆமா."

பதினைந்து நிமிஷம் போயிற்று. சிகாமணி முட்டியைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். சீட்டின் கைப்பிடியில் கழன்றிருந்த ஸ்க்ரூவை நகத்தால் திருகிப் பார்த்தார்.

"சரி, எவ்வளவு நேரம் இப்படி இருட்டா இருக்கும்?"

"நாற்பத்தஞ்சு நிமிஷம் வரைக்கும்."

சிகாமணி திரும்பினார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. குரல் மாறியிருந்தது.

"இருட்டாத்தான் இருக்கும், கை வைக்காதேன்னு ஒரு வரி எழுதிப் போட்டா அவனுங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"எழுதியிருக்கு."

"எங்க?"

"இந்த மாடலுக்கு அப்டேட் போடுற முறைன்னு ஒரு கோப்பு இருக்கு. அதுல முப்பத்தொன்பதாம் பக்கம்."

"அந்தக் கோப்பு எங்க?"

"கம்பெனி வெப்சைட்ல. பாஸ்வேர்டு வேணும்."

"பாஸ்வேர்டு யாருக்குக் குடுப்பான்?"

"சர்வீஸ் ஒப்பந்தம் போட்டவங்களுக்கு."

"முதலாளி போன வருஷமே ஒப்பந்தம் கேட்டாரே. தர மாட்டேன்னு சொன்னது யாரு?"

"கம்பெனிதான். மெஷின் பழசாயிடுச்சுன்னு."

"அப்ப அந்த வரி யாருக்கும்மா எழுதினது?"

சிகாமணி கைப்பிடியை ஓங்கித் தட்டினார்.

"எந்தப் படுபாவி எழுதினான் அதை? அவனைக் கொண்டாந்து இந்த இருட்டுல உட்கார வைக்கணும்."

"உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றார் எஸ்தர்.

வெளியே கேன்டீன் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"நீங்களா?"

"முதல் பக்கத்துல பெரிய எழுத்துல எழுதினேன். வாங்குறவன் பயந்துருவான்னு முப்பத்தொன்பதுக்குத் தள்ளினாங்க."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

சிகாமணி இத்தனை நேரம் முகம் தெரியாத எவனையோ திட்டிக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்துச் சீட்டில் ஆள் கிடைத்துவிட்டது. திட்ட வார்த்தை வரவில்லை.

"எத்தனை பெட்டி செத்திருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சு பதினேழு."

"பதினேழு ஆபரேட்டர்."

"ஆமா."

"அதுக்காகத்தான் ஊர் ஊரா ஸ்கூட்டியை ஓட்டிக்கிட்டுத் திரியறீங்களா?"

எஸ்தர் செல்போனில் மணி பார்த்தார்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு."

மேலே யாரோ படியேறுகிற சத்தம். சிகாமணிக்கு அந்தச் செருப்புச் சத்தம் தெரியும். எழுந்து ஓடினார். இந்த முறை எஸ்தர் தடுக்கவில்லை.

ப்ரொஜெக்டர் அறை வாசலில் தனபாலன் நின்றுகொண்டிருந்தார். கையில் மாற்றுச் சாவி. கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, மானிட்டர் இருட்டாக் கிடக்குது. செத்தவனை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி பூட்டிட்டுக் கீழ போய் என்ன செய்றீங்க, சாமி கும்பிடுறீங்களா?"

"அப்டேட் ஓடுது முதலாளி."

"என்னத்த ஓடுது? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எல்லா மெஷினும் அதுக்குத்தான் அடங்கும்."

சிகாமணி கதவுக்கும் முதலாளிக்கும் நடுவில் போய் நின்றார்.

"பதினெட்டு நிமிஷம் பொறுங்க."

"கீழ ஜனம் வர ஆரம்பிச்சாச்சு. நகரு."

"மாட்டேன் முதலாளி."

தனபாலன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிகாமணி இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை.

"நகரலைன்னா இன்னையோட வேலை இல்ல."

"இப்பக் கதவைத் திறந்து கரண்டைத் தொட்டாலும் எனக்கு வேலை இல்ல. தொடாம இருந்தா ஒருவேளை இருக்கும்."

"திரை இருட்டா இருக்குய்யா."

"இருட்டாத்தான் இருக்கும்."

"எவன் சொன்னான்?"

சிகாமணி திரும்பிப் பார்த்தார். படியின் கடைசியில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்" என்றார் சிகாமணி.

தனபாலன் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

10.41-க்கு மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

2024 மார்ச் 31 அன்று, அந்த மாடலுக்கு இனி எந்த உதவியும் கிடையாது என்று கம்பெனி அறிவித்தது. ஏப்ரல் 1, திங்கள்கிழமை, கோமளம் தியேட்டரின் இரண்டாம் அரங்கில் அதே பெட்டியில் பதினோரு மணிக் காட்சியைச் சிகாமணி பதினோரு மணிக்கு ஓட்டினார்.