நாலு சர்வருக்கு நாலு பொட்டு

வாய்ப்பந்தல் போடுவதில் ஆலோசகர் ரகோத்தமனை மிஞ்ச ஆளில்லை. திருநெல்வேலியில் பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனிக்கு வந்தவர், முதலாளி சங்கரபாண்டியனிடம் அளந்துகொண்டிருந்தார்.

“உங்க வெப்சைட்டை இப்ப நாலு சர்வர் தாங்குது. நாலும் விர்ச்சுவல் மெஷின். ஒண்ணு விழுந்தாலும் மூணு நிக்கும். தீபாவளிக் கூட்டமே திரண்டு வந்தாலும் அசையாது. இதுவரைக்கும் ஓடிட்டிருக்கற அந்தப் பழைய மூணு சர்வரையும் தூக்கிப் போடுங்க.”

முதலாளி அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற கம்பெனி எலக்ட்ரீஷியன் இசக்கிமுத்துவுக்கு மட்டும் உறுத்தியது. நாலு சர்வர் என்கிறார். நாம் இழுத்துக் கொடுத்தது ஒரே ஒரு கரண்ட் ஒயர்தானே?

அன்று ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு இருவரையும் சர்வர் அறைக்குக் கூட்டிப் போனான்.

“நாலுக்கும் பொட்டு வைக்கணும் சார். எதெதுன்னு காட்டுங்க.”

“நாலும் சாஃப்ட்வேர்ல பிரிச்சது, இந்த ஒரே பெட்டிக்குள்ளதான்ப்பா இருக்கு. உனக்குப் புரியாது.”

“புரியலைதான் சார். ஆனா ஒண்ணு விழுந்தா மூணு நிக்கும்லா?”

“கட்டாயம் நிக்கும்!”

“அப்பச் சரி. இந்த ஒயரைக் கழற்றித் துடைச்சுட்டு மாட்டிருதேன்” என்று குனிந்தான்.

“ஐயையோ, தொடாதே! நாலும் நின்னுபோயிடும்!” ஆலோசகர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

முதலாளி பேனாவை மூடிப் பையில் செருகினார்.

இசக்கிமுத்து அந்தப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தான். “நாலு பொட்டுக்குக் குழைச்சுட்டேனே முதலாளி. மிச்சத்தை என்ன செய்ய?”

“தூக்கிப் போடச் சொன்னாரே, அந்தப் பழைய மூணுக்கும் வை” என்றார் முதலாளி.