திரும்பிப் பார்க்காத ஆடு

"தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாம இருக்கிறது எப்படி, புலியக்கா?"

பூவராகன் இதைக் கேட்டபோது வேன் ஒரு ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. ஜெபராணி தன்னுடைய புலிவாலைத் தைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்நார்க் கயிற்றில் செய்த வால். முந்தின நாள் வேன் கதவில் மாட்டிப் பிய்ந்துவிட்டது.

"எதைத் தெரியாம இருக்கணும் அண்ணாச்சி?"

"எனக்குப் பின்னாடி புலி நிக்குது. தினமும் நிக்குது. அது எனக்குத் தெரியும். ஆனா ஆட்டுக்குத் தெரியாது. அப்போ நான் எப்படி ஆடா இருக்கிறது?"

ஜெபராணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"திரும்பிப் பாக்காதீய" என்றாள்.

அவ்வளவுதான். ரயில் போனது. கேட் திறந்தது.

பூவராகனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஜெபராணி அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். ஆனாலும் மற்றவர்களைப் போல அவரும் அவளைப் புலியக்கா என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்த்தால் வேலைக்கு ஆகுமா?

மற்றவர்கள் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். குழுவில் மொத்தமே மூன்று பேர். புலிக்கு ஜெபராணி, ஆட்டுக்குப் பூவராகன், மேளத்துக்கும் வேனுக்கும் மைதீன். 'குட்டிக்கரணம்' என்று வேனின் பக்கவாட்டில் பெயர் எழுதியிருக்கும். ஊர் ஊராகப் போவார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒரே நாடகம்.

நாடகமும் சின்னதுதான்.

ஒரு ஆடு ஆற்றில் தண்ணீர் குடிக்க வரும். ஆறு என்பது ஒரு நீலப் புடவை. ஆடு குனியும்போது பின்னால் புலி வரும். ஆட்டுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். "புலி! புலி!" என்று கத்துவார்கள். ஆடு திரும்பும். புலி சட்டென்று மறைந்துகொள்ளும். "யாருமே இல்லையே!" என்று ஆடு மறுபடி குனியும். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கடைசியில் புலி பாயும், ஆடு தப்பி ஓடும்.

இதில் ஒரே ஒரு கட்டளை உண்டு. பிள்ளைகள் சொன்ன பிறகுதான் ஆடு திரும்ப வேண்டும்.

இதற்குப் போய் ஒரு மனிதர் இவ்வளவு யோசிப்பாரா என்று கேட்கலாம். பூவராகன் கதை அப்படி.

பட்டணத்து மேடைகளில் அவர் ராஜாவாகவே காலம் தள்ளியவர். ஒருநாள் செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு கதறும் காட்சி. கதறிக்கொண்டே இருக்கும்போது, 'கேஸ் சிலிண்டர் புக் பண்ணினோமா, இல்லையா?' என்று மனதுக்குள் ஒரு கேள்வி வந்தது. கதறல் நிற்கவில்லை. கண்ணீரும் நிற்கவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டலில்தான் அவர் பயந்துபோனார். ஒருத்தருக்குமே தெரியவில்லையே!

விழுப்புரத்தில் மைத்துனருக்குப் பெயின்ட் கடை. "எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? வந்து கடையைப் பாத்துக்குங்க மாமா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் யாரோ சொன்னார்கள். தெற்கே ஒரு பெண் இருக்கிறாள், வருடக்கணக்காக ஒரே புலி, ஆனால் ஒவ்வொரு நாளும் ஆட்டை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பதுபோலப் பார்ப்பாள் என்று.

அவளிடம் அதைக் கற்றுக்கொண்டால் நடிகன். இல்லாவிட்டால் பெயின்ட் கடை. பூவராகன் வந்தது இந்தக் கணக்கில்தான்.

வந்து பல மாதம் ஆகிவிட்டது. ஜெபராணி பிடி கொடுக்கவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டிப் போன ஊரில் அந்தச் சம்பவம் நடந்தது.

நல்ல வெயில். மணலில் கால் சுட்டது. சத்துணவுக்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. பூவராகன் நீலப் புடவைமேல் குனிந்தார். மேளம் அடங்கியது. அப்படியென்றால் புலி வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஆடு திரும்பிவிட்டது.

ஒரு நொடி முன்னால், அவ்வளவுதான். சிறுமி திறந்த வாயை மூடிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள், சிரித்தார்கள். நாடகம் நன்றாகவே முடிந்தது.

பூவராகன் ஆட்டுக் காதுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி வந்து நின்றாள்.

"ஆட்டுக்கு முன்னாலயே தெரியும்லா?"

"தெரியாதும்மா. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

"பொய்" என்றாள் அவள். "நான் சொல்லதுக்கு முன்னாலயே திரும்பிட்டு."

பூவராகன் கழற்றிய காதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்னா எங்களை எதுக்குக் கத்த விட்டீய?"

கேட்டுவிட்டு அவள் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

ஒரு அரங்கமே கண்டுபிடிக்காததை ஒன்றாம் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவளை ஏமாற்றிவிட்டோம் என்று துக்கமாக இருந்தது.

வேனில் ஏறியதும் நடந்ததை ஜெபராணியிடம் சொன்னார். அவள் கொய்யாப்பழம் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு ஸ்கூல் இருக்கு. அதோட நான் கிளம்பறேன் புலியக்கா. விழுப்புரம் போயிடறேன்."

"சரி அண்ணாச்சி. நாளைக்கு பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போவோம். இறக்கி விட்டுருதோம்."

போகாதே என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதிப் பழத்தை அவரிடம் நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் பூவராகன். "பிள்ளைங்க கத்தவே இல்லைன்னா என்ன ஆகும்?"

"ஆட்டைத் தின்னுருவேன்."

"விளையாடாதீங்க."

முன்னாலிருந்து மைதீன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "விளையாட்டில்ல அண்ணாச்சி. ஒரு ஊர்ல தின்னுட்டா. பிள்ளைய எல்லாம் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்துச்சு, ஒண்ணும் கத்தல. அக்கா பாய்ஞ்சு ஆட்டைத் தின்னுட்டு, நாடகம் முடிஞ்சு போச்சுன்னு கும்பிடு போட்டுட்டா. ஒரே அழுகை. அந்த ஊருக்கு அப்புறம் எங்களைக் கூப்பிடவே இல்ல."

"அப்போ ஆடு யாரு?"

"நாந்தான்."

"அப்புறம்?"

"டிரைவராயிட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே பூவராகனுக்கு ஏதோ போலிருந்தது. அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மருந்துக்கும் சத்தமில்லை.

தலைமையாசிரியர் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வரவேற்றார். பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசை பிசகாமல் உட்கார வைத்திருந்தார். விசிலை ஒருமுறை ஊதினார்.

"வாயில் விரல்!"

எல்லா விரல்களும் உதடுகளுக்குப் போயின.

"வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க. நம்ம ஸ்கூலைப் பத்தி நல்லபடியா நினைக்கணும். நாடகம் முடியுற வரைக்கும் ஒரு சத்தம் வரப்படாது. விரலை எடுக்கப்படாது. புரியுதா?"

புரிந்தது என்று சொல்லக்கூட யாரும் விரலை எடுக்கவில்லை.

வேனுக்குப் பின்பக்கம் நின்ற ஜெபராணியிடம் பூவராகன் ஓடினார். "புலியக்கா, போய் அவர்கிட்ட சொல்லுங்க. பிள்ளைங்க கத்தணும்னு சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? இவங்க கத்த மாட்டாங்க!"

"கத்த மாட்டாவன்னு தெரியுமா?"

பூவராகன் ஆட்டுக் காதுகளைத் தலையில் வைத்து அழுத்தினார்.

ஜெபராணி புலித்தலையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

நாடகம் தொடங்கியது. ஆடு துள்ளிக்கொண்டு வந்தது. எந்த ஊரிலும் சிரிக்கும் இடத்தில் இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆடு வழுக்கி விழுந்தது. அதற்கும் சிரிப்பில்லை. விரல்களுக்கு மேலே கண்கள் மட்டும் பெரிது பெரிதாக இருந்தன.

ஆடு நீலப் புடவைமேல் குனிந்தது.

மேளம் அடங்கியது.

பூவராகன் காத்திருந்தார்.

கயிற்று வால் மணலில் உரசும் சத்தம் கேட்டது. இடப்பக்கமா, வலப்பக்கமா? மற்ற நாட்களில் கூச்சலில் இந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. இன்று கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

புலி எங்கே?

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். நேற்றுச் சிறுமி கேட்ட கேள்வி கழுத்தைப் பிடித்து நிறுத்தியது.

தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் கையில் விசில். பிள்ளைகளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் பிள்ளைகளின் குரலைத்தான் கேட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்ததில்லை. ஒருத்தியின் கண் அவருடைய தோளுக்கு மேல் எதையோ பார்த்தது. இன்னொருவன் கண் நிறையத் தண்ணீர். ஒரு குட்டிப் பெண் விரலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

இவர்களுக்குத் தெரிகிறது. தனக்குத்தான் தெரியவில்லை.

"ஏன் எல்லாரும் என்னை அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டது ஆடு. நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

விரல்கள் உதட்டிலேயே இருந்தன.

"எனக்குப் பின்னாடி ஏதாச்சும் இருக்கா?"

பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு பட்ட மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். தின்றுவிடுவாளா? தின்னத்தான் போகிறாளா?

அப்போது விரலைக் கடித்துக்கொண்டிருந்த குட்டிப் பெண் அதை வாயிலிருந்து எடுத்தாள்.

சத்தம் போடவில்லை. அந்த விரலாலேயே காட்டினாள்.

பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்தான். அவனும் காட்டினான். பிறகு அந்த வரிசை. பிறகு அடுத்த வரிசை. ஒரு சொல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பள்ளிக்கூடம் முழுவதும் கையை நீட்டி ஒரே இடத்தைக் காட்டியது. அத்தனை பிஞ்சு விரல்களுக்கு நடுவில் மோதிரம் போட்ட ஒரு விரலும் இருந்தது. விசிலைக் கீழே விட்டுவிட்டுத் தலைமையாசிரியரும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆடு விரல்கள் காட்டிய பக்கம், வலப்பக்கமாகத் திரும்பியது.

மூக்குக்கு நேராகப் புலி.

"ஐயோ!"

அப்படி ஒரு அலறலைப் பூவராகன் எந்த மேடையிலும் அலறியதில்லை. கால் பின்னி ஆற்றிலேயே விழுந்தார். வேப்பமரத்தடி வெடித்தது. "ஓடு! ஓடு! ஓடு ஆடு!" என்று பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். விசிலை யாரும் ஊதவில்லை.

எல்லாம் முடிந்து பூவராகன் மரத்தடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. காதுகளைக் கழற்ற மறந்துவிட்டார்.

மைதீன் புடவையை மடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா ஏன் இன்னைக்கு இடத்தை மாத்துனாங்க?" என்று அவனிடம் கேட்டார்.

"எந்த இடத்தை?"

"எப்பவும் எனக்கு இடப்பக்கம்தானே நிப்பாங்க?"

மைதீன் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"நீங்கதான் அண்ணாச்சி எப்பவும் இடப்பக்கம் திரும்புவீய. அக்கா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துல நிப்பா. ஒருநா மரத்து மேலயே ஏறிட்டா. நீங்க பாக்கலியா?"

பூவராகன் வேன் பக்கம் திரும்பினார். ஜெபராணி புலித்தலையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"மைதீன், அண்ணாச்சி பையை எடுத்து மேல சாமானோட சேத்துக் கட்டு" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கணும்னாவளே? அண்ணாச்சி இன்னும் ஒண்ணும் சொல்லலியே அக்கா?"

"அந்த ஐயோவக் கேட்டேன்லா. கட்டு."

அந்தக் குட்டிப் பெண் மெல்ல நடந்து வந்து பூவராகன் முன்னால் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். விரலை ஒருமுறை உதட்டில் வைத்து எடுத்தாள்.

"நான் கை காட்டலைன்னா திரும்பியிருப்பியா?"

பூவராகன் யோசித்தார். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் பதில் தெரியவில்லை.

"தெரியலையேம்மா" என்றார்.

அவள் அவருடைய முகத்தையே உற்றுப் பார்த்தாள். பொய் என்று சொல்லவில்லை. கையை நீட்டி, தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுக் காதைச் சரியாக நிமிர்த்தி வைத்தாள்.

"இனிமே தனியா தண்ணி குடிக்கப் போவாத, என்ன?"

"சரி" என்றது ஆடு.