நாச்சிமுத்து ஏற மறுத்த கார்

கோயம்புத்தூர் ஆறுச்சாமியின் பழங்கால ஃபியட் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய, புது டிஸ்க் பிரேக் மாட்டியவள் மெக்கானிக் ரோஸ்லின். முதலாளி ஆறுச்சாமி அவளைப் புகழப் புகழ, தலைமை மெக்கானிக் நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

பந்தயத் திடலுக்கு வந்ததும், "வளைவுல வண்டி நிக்கலைன்னா இவளை வேலையை விட்டு அனுப்பிடுங்க," என்று முதலாளியிடம் சொன்னார் நாச்சிமுத்து.

சற்றுமுன் அவர் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்ததை ரோஸ்லின் பார்த்திருந்தாள். சாவியை அவரிடமே நீட்டினாள். "நீங்கதானுங்கண்ணா பெரியவரு. முதல்ல நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

நாச்சிமுத்து பின்வாங்கினார். முதலாளி கதவைத் திறந்து, "ஏறப்பா!" என்று உள்ளே தள்ளினார்.

"ஐயோ, பிரேக் பிடிக்காதுங்க!"

"வண்டி இன்னும் நகரவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

நாச்சிமுத்துவின் கண் தானாகவே முன்சக்கரத்துப் பக்கம் போனது. ஆறுச்சாமி குனிந்து பார்த்தார். பிரேக் குழாயின் நட்டைத் தளர்த்தி வைத்திருந்தது தெரிந்தது.

ரோஸ்லின் அதை முறுக்கி முடிப்பதற்குள், நாச்சிமுத்து வெயிலில் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.