பீடிக் கூட்டத்தில் ஒரு சாட்சி

லாரி ஓட்டுநர் சங்கரபாண்டியின் வயிற்றுக்குள் ஒரு சமயம் புண் ஒன்று இருந்தது. வலி இல்லை. இரத்தம் மட்டும் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

கசிந்த இரத்தம் சிதைந்தபோது கார்பன் மோனாக்சைடு பிறந்தான். அவனுக்கு நிறமில்லை, மணமில்லை. உலகத்தில் கெட்ட பெயர் மட்டும் உண்டு. 'ஆள் சாய்வதற்குள் வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டும்' என்று மூச்சு வழியாகக் கிளம்பினான்.

வெளியே, ஆஸ்பத்திரியில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"வெயில்ல வண்டி ஓட்டினா கிறுகிறுக்கத்தான் செய்யும். வயித்தைப் பார்க்கிற குழாயெல்லாம் முழுங்க மாட்டேன், டாக்டரம்மா."

"உடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு, அண்ணாச்சி," என்றார் டாக்டர் நசீமா. "இது எங்க ஆராய்ச்சிக் கருவி. உள்ளே கசிஞ்சா மூச்சுல தெரியுதான்னு பார்க்கிறோம். தெரிஞ்சா குழாய், இல்லாட்டி இல்லை. சம்மதமா? பீடி குடிச்சீங்களா?"

"தொட்டே மாசமாச்சு."

ஊதினார்.

கருவியின் வாசலில் ஒரே நெரிசல். எல்லாரும் கார்பன் மோனாக்சைடுதான்; எல்லாருக்கும் ஒரே முகம்.

"நான் வயிற்றிலிருந்து வருகிறேன். அங்கே கசிவு," என்றான் நம்மவன்.

பின்னால் நின்ற தடியன் சிரித்தான். "இவனை நம்பாதே. நாங்கள் எல்லாரும் பீடிப் புகையில் வந்தவர்கள். இப்போதுதான், ஆஸ்பத்திரி வாசலில்."

"எனக்குத் தலை எண்ணத் தெரியும். ஊர் விசாரிக்கத் தெரியாது," என்றது கருவி.

டாக்டர் கருவியில் எகிறியிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு சங்கரபாண்டியின் சட்டைப் பையைப் பார்த்தார். "தீப்பெட்டி எதுக்கு, அண்ணாச்சி?"

"சாம்பிராணி போட."

"குடுங்க. நாளைக்குக் காலையில திரும்ப ஊதலாம். அதுவரைக்கும் சாம்பிராணி வேண்டாம்."

விடிவதற்குள் பீடிக் கூட்டம் கலைந்துவிட்டது. நம்மவனும் போய்விட்டான். ஆனால் காலையில் சங்கரபாண்டி மறுபடி ஊதியபோதும் அவனுடைய தம்பிகள் வயிற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

"பீடிக்காரர்கள் போய்விட்டார்கள். உங்கள் வரிசை மட்டும் ஏன் நிற்கவில்லை?" என்று கருவி கேட்டது.

"புண் நின்றால் நாங்களும் நிற்போம்."

எண் நேற்றைவிடக் குறைந்திருந்தது; ஆனால் வழக்கமான அளவுக்கு இறங்கவே இல்லை. டாக்டர் அதைக் காட்டினார்.

"குழாய் ரொம்பத் தடியா இருக்குமா?"

"பீடியைவிடக் கொஞ்சம் தடி."

விழுங்கினார். புண் அகப்பட்டது, அடைத்தார்கள்.

உடம்பு தேறிய பிறகு மறுபடி ஊதினார். எந்த உடம்பிலிருந்தும் வழக்கமாக வரும் ஓரிருவர் கடந்து போனார்கள்.

"வயிற்றுப் புண்ணிலிருந்து யாராவது உண்டா?" என்று கருவி கூப்பிட்டுப் பார்த்தது.

பதில் இல்லை. கூப்பிட்ட ஆள் வராததில் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.