மடித்து வைத்த தோகை

காயலின் கரையில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே நீலவாணன் என்னும் மயிலும், நெடுஞ்செவி என்னும் தாய் முயலும், பாறையன் என்னும் ஆமையும், கயலி என்னும் நீர்நாயும் உற்ற நண்பர்களாக வாழ்ந்து வந்தன.

அக்காட்டின் சிங்கராஜா ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காட்டில் வேட்டை இல்லை, வேலையும் இல்லை. நரி ஒன்றைத் தவிர எல்லா விலங்குகளும் அந்த ஆணையை மதித்தன.

நீர்நாயிடம் ஒரு தோணி இருந்தது. புயலில் கரை ஒதுங்கிய பழைய தோணி அது. ஓட்டைகளைப் பிசின் கொண்டு அடைத்து, பாய்மரம் நட்டு, சுக்கான் பொருத்தியிருந்தது நீர்நாய். தூக்கணாங்குருவிகள் கோரைப் புல்லால் பாய் பின்னிக் கொடுத்தன. தோணியின் குறுக்கே, இருபுறமும் தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும்படி, ஒரு பலகையும் கட்டப்பட்டிருந்தது. காற்றில் தோணி சாயும்போது எதிர்ப்பக்கத்துப் பலகையில் ஏறி நின்று அதை நிமிர்த்த வேண்டும். அது அந்தக் காயலின் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை காலை நீர்நாய் நண்பர்களை அழைத்தது.

“கிழக்கே குருவித் தீவுக்குப் போவோம். இரவு அங்கே தங்குவோம். நாளை திரும்பிவிடலாம்!”

“தண்ணீர் மேலே உட்கார்ந்து போவதா? எனக்கு இதுவரை அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை!” என்றது ஆமை.

முயல் மட்டும் தயங்கியது. அதன் வளை கரையோர மணலில் இருந்தது. உள்ளே மூன்று குட்டிகள்.

“நாளை பௌர்ணமி. பொழுது சாயும்போது ஓதம் ஏறி வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் நான் வந்து பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமே!”

“நீ ஏன் கவலைப்படுகிறாய்? நாளை நண்பகலுக்கெல்லாம் உன்னை உன் வாசலில் இறக்கிவிடுகிறேன். இது நீலவாணன் வாக்கு!” என்று மயில் கழுத்தை நிமிர்த்திச் சொன்னது.

முயல் குட்டிகளுக்கு வேண்டிய புல்லை உள்ளே வைத்தது. “நரி பல குரலில் கூப்பிடும். என் குரலைத் தவிர யார் கூப்பிட்டாலும் வெளியே வராதீர்கள்!” என்று எச்சரித்துவிட்டுத் தோணியில் ஏறியது.

மயில் நேராக அணியத்துக்குப் போய், தோணியின் அந்த முன்நுனியில் நின்றுகொண்டது.

“அங்கே நின்றால் கயிற்றை யார் பிடிப்பது?” என்றது நீர்நாய்.

“கயிறு பிடிக்கவா நான் வந்தேன்? கரையில் இருப்பவர்கள் என்னைப் பார்க்க வேண்டாமா?”

மேற்கிலிருந்து காற்று வீசியது. பாய் புடைத்தது. மயிலும் தன் தோகையை அகல விரித்தது. பின்னாலிருந்து வந்த காற்று இரண்டையும் தள்ள, தோணி துள்ளிக்கொண்டு ஓடியது. கரையிலிருந்த நாரைகள் வியந்து கூவின.

“பார்த்தீர்களா? என் தோகையால்தான் தோணி பறக்கிறது!” என்றது மயில்.

“பாய்க்கும் கொஞ்சம் பங்கு உண்டு, தம்பி” என்றது ஆமை.

“பாயா? அந்தக் கோரைப் பாயா?” என்று மயில் சிரித்தது.

தீவில் அன்றைய பொழுது இனிதாகக் கழிந்தது. நீர்நாய் தண்ணீரில் புரண்டு விளையாடியது. முயல் இளம்புல் மேய்ந்தது. ஆமை நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்து, அதுவே விடுமுறை என்று விளக்கம் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் நீர்நாய் எல்லாரையும் எழுப்பியது.

“காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் வருகிறது. எதிர்காற்றில் நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் கரை சேர வேண்டும். இப்போதே புறப்படுவோம்!”

ஆனால் தீவின் பறவைகள் மயிலைச் சூழ்ந்திருந்தன. “இன்னும் ஒரே ஓர் ஆட்டம்!” என்று அவை கெஞ்சின. மயில் ஆடியது. மறுபடியும் கெஞ்சின, மறுபடியும் ஆடியது. முயல் இரண்டு முறை வந்து கூப்பிட்டது. “வந்துவிட்டேன், வந்துவிட்டேன்!” என்று சொல்லிக்கொண்டே மயில் ஆடியது. தோணி புறப்பட்டபோது உச்சிவேளை கடந்திருந்தது.

“அஞ்சாதே, முயலே! வந்த வேகத்தில் போய்விடலாம்!” என்று சொல்லி மயில் மீண்டும் அணியத்தில் நின்று தோகையை விரித்தது.

எதிரே வந்த காற்று அந்தத் தோகையில் மோதியது. தோணி முன்னே போகாமல் திணறியது. பிறகு மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, புறப்பட்ட இடத்திலேயே மணலில் தட்டி நின்றது.

“தோகையை மடி!” என்று நீர்நாய் கத்தியது.

“மடிப்பதா? நேற்று இதுதானே உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது?”

“நேற்றுக் காற்று முதுகில் அடித்தது. இன்று முகத்தில் அடிக்கிறது!”

“அப்படியென்றால் காற்றிடம்தான் பிழை. என் தோகையிடம் இல்லை!”

மீண்டும் புறப்பட்டார்கள். தோணி ஒருபுறம் சாய்ந்தது. ஆமை பலகையில் ஊர்ந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் தோணி மறுபுறம் திரும்ப வேண்டிய வேளை வந்துவிட்டது. அணியத்தில் தோகை காற்றைப் பிடித்துத் தள்ளியது. மறுபடியும் தீவின் மணல்!

வெயில் தாழத் தொடங்கியது. காயலில் நீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“நான் நீந்திப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடட்டுமா?” என்று நீர்நாய் கேட்டது.

“உன் குரலுக்கு அவர்கள் வரமாட்டார்கள், அக்கா. நரி என்று நினைத்து இன்னும் உள்ளே போய் ஒடுங்குவார்கள். வளையும் உனக்குக் குறுகல். நான்தான் போக வேண்டும்.” முயல் தோணியின் விளிம்பில் ஏறி நின்றது. “நான் குதிக்கிறேன்.”

“பாதி வழியில் மூழ்கிவிடுவாய்! இந்த அலையில் எங்கள் முதுகிலும் உன்னால் நிற்க முடியாது!” என்று ஆமை அதன் காலைக் கவ்வி இழுத்தது. பிறகு மயிலைப் பார்த்துச் சொன்னது: “தம்பி, உன் தோகை அழகா இல்லையா என்று காற்றுக்குத் தெரியாது. அகலம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.”

மயில் சீறித் திரும்பியது. விடை சொல்ல வாய் திறந்தது. அதற்குள் முயல் பேசியது. அதன் குரலில் கோபம் இல்லை.

“நீலவாணா, நீ அழகன். காடு முழுவதும் அதை அறியும். ஆனால் என் வளையில் மூன்று பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சொன்ன சொல்லை நம்பித்தான் நான் அவர்களை விட்டு வந்தேன்.”

மயிலின் கழுத்து தாழ்ந்தது. அது அக்கரையைப் பார்த்தது. அலையாத்தி வேர்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் மறைந்துகொண்டிருந்தன.

அது தோகையை மடித்தது. மணலில் படர்ந்திருந்த ஒரு கொடியை எடுத்து நீர்நாயிடம் கொடுத்தது.

“இறுக்கிக் கட்டு, கயலி அக்கா. நானே மறந்து விரித்துவிடக் கூடாது.”

நீர்நாய் தோகையைக் கட்டியது. மயில் அணியத்தைவிட்டு இறங்கிப் பலகையருகே வந்தது.

“இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்?”

“என்னைத் தள்ளு!” என்றது ஆமை. “நான் கனமானவன், ஆனால் மெதுவானவன். பலகையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்! தண்ணீருக்குள் மட்டும் தள்ளிவிடாதே; நீந்தத் தெரிந்தாலும் எனக்கு மானம் உண்டு!”

தோணி புறப்பட்டது. நீர்நாய் சுக்கானைப் பிடித்தது. முயல் பாய்க் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டது. காற்று இரைந்ததால் நீர்நாயின் ஆணை முயலின் காதில் விழவில்லை.

“என் குரல் கேட்கும்!” என்றது மயில். நீர்நாய் தலையசைக்கும்போதெல்லாம் அது முழுத்தொண்டையில் கூவியது.

“திருப்பு!”

முயல் கயிற்றை மாற்றியது. மயில் மார்பால் முட்டி ஆமையைத் தள்ளிவிட்டுத் தானும் பின்னாலேயே ஓடியது. ஈரப் பலகையில் ஆமை சறுக்கிக்கொண்டு போனது. சாய்ந்த தோணி நிமிர்ந்தது.

“திருப்பு!”

மீண்டும் சறுக்கல். மீண்டும் ஓட்டம். அலை அடித்து மயிலின் நீலக் கழுத்தில் உப்பு வழிந்தது. கட்டிய தோகை தண்ணீரில் தோய்ந்து அலங்கோலமானது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, நீ நன்றாகத் தள்ளுகிறாய்!” என்று ஆமை மல்லாந்தபடியே கூவியது.

“பேசாமல் படு, அண்ணே! அடுத்த திருப்பம் வருகிறது!”

வளைந்து வளைந்து தோணி எதிர்காற்றில் ஏறியது. கரை நெருங்கியது. மணலில் தட்டும் முன்பே முயல் பாய்ந்து இறங்கியது. வளையின் வாயில் நீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

“கண்ணுகளா! அம்மா வந்துவிட்டேன்!”

பிறகு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்து ஒன்று. மூன்றாவது குட்டி தும்மிக்கொண்டே வந்தது. மூன்றின் வயிறும் நனைந்திருந்தது. முயல் அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டியைத் தூக்கியபோது வளை முழுவதும் தண்ணீரில் மூழ்கியது.

இதற்குள் நாரைகள் கூட்டமாக வந்துவிட்டன.

“மயிலாரே! இது என்ன கோலம்? மழையில் அகப்பட்ட கோழிபோல் இருக்கிறீரே!” என்று ஒரு நாரை கேலி செய்தது.

மற்ற மூவரும் மயிலின் முகத்தைப் பார்த்தார்கள்.

மயில் கழுத்தை நிமிர்த்தியது. அந்தக் காடு அதற்கு முன் அத்தனை நிமிர்வை அதனிடம் கண்டதில்லை.

“பலகையில் நிற்பவன் நனையத்தான் செய்வான், நாரையே! எதிர்காற்றில் இந்தக் காயலைக் கடந்து வந்திருக்கிறோம். சுக்கான் பிடித்தது கயலி அக்கா. கயிறு பிடித்தது நெடுஞ்செவி. தோணியைச் சாயாமல் காத்தது பாறையன் அண்ணன். அவரைத் தள்ளியவன் நான்!”

கேலி செய்த நாரை நீண்ட தன் கழுத்தைத் தாழ்த்தி நால்வரையும் வணங்கியது.

தன் பெருமையை மடித்து வைக்கத் தெரிந்தவருக்கே தோழரோடு சேர்ந்து தலைநிமிரும் பெருமை வாய்க்கும்.