தவிட்டுக்கு வாங்கிய மலை

மழை சொன்ன மாதத்தில் பெய்த காலம் அது. மேற்கே ஒரு நாட்டைத் தவிட்டுராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஒன்றுக்கு ஆசைப்படுவான், சாயங்காலம் இன்னொன்றுக்கு.

ஒருநாள் அரண்மனைக் கூரைக்குச் செம்பு வேய ஆசை வந்து, அது மட்டும் போகாமல் தங்கிவிட்டது. "கூகைமலைக்குள்ளே கிடக்கு மன்னா, வெட்ட வேண்டியதுதான் பாக்கி" என்று அடியெடுத்துக்கொடுத்தார் பொக்கிஷக்காரர் விருபாட்சர். வேறு தேசத்திலிருந்து வந்து பெரிய ஆளானவர்.

அந்த மலை ஊற்றுதான் மலைக்காரர்களுக்குக் குடிதண்ணீர். விடுவார்களா? வெட்ட ஆள் வந்தால் பாதையை மறித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து சமைப்பார்கள். வந்தவர்களுக்கும் சோறு போட்டு அனுப்பிவிட்டு, கடப்பாரைகளைத் தாங்களே சுமந்துவந்து அரண்மனை வாசலில் வைத்து, "மறந்துட்டுப் போயிட்டாங்க" என்பார்கள். வருஷா வருஷம் பங்குனியில் அவைக்கு வந்து, வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலில் அவர்கள் தலைவன் மூப்பன் வந்தான். அவனுக்குக் கால் விழுந்த பிறகு மருமகள் பொம்மி வந்தாள்.

ஒரு பங்குனியில் ராஜாவுக்குச் சலித்துவிட்டது. "இன்னிக்கே முடிச்சிடலாம். நீயும் பொக்கிஷக்காரரும் பேசுங்க. ஜெயிச்சவங்க சொல்படி."

"மலை எங்க பெரியவரு மகராசா. பெரியவரை வெட்டலாமா?" என்றாள் பொம்மி.

விருபாட்சர் சிரித்தார். "பெரியவராம்! கல்லும்மா அது. கூப்பிட்டா வருமா? கொடுத்தா வாங்கிக்குமா?"

"வாங்கிக்காதா ஐயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மலை எதையும் வாங்கினதில்லை. அவையறியச் சொல்றேன்!"

பொம்மி ராஜா பக்கம் திரும்பினாள். "மகராசா, உங்க மூக்குல அந்தத் துளை எதுக்கு?"

ராஜாவின் கை மூக்குக்குப் போனது.

"ஐயா வெளியூரு, தெரியாது. உங்க ஆத்தாளுக்குப் பொறந்த பிள்ளையெல்லாம் தங்காமப் போச்சு. நீங்க பொறந்ததும் எமனை ஏமாத்தணும்னு எங்க பாறையில கிடத்தி, மலைக்கே தவிட்டுக்கு வித்துட்டாங்க. மலை சார்பா தவிட்டை அள்ளிக் கொடுத்தது என் மாமியா. 'இனி இது மலையோட பிள்ளை'ன்னு மூக்குக் குத்தி அனுப்பினோம். எமனும் திரும்பிப் போயிட்டான். இப்ப மலை வாங்கவே இல்லைங்கறாரு. அப்ப நீங்க ராணி பிள்ளைதான்." குரலைத் தாழ்த்தினாள். "சத்தமா வேற சொல்லிட்டாரு. எமனுக்குக் கேட்டுச்சோ என்னவோ."

ராஜா துள்ளி எழுந்தான். "ஓய்! மாத்திச் சொல்லும்!"

"மன்னா, தர்க்கப்படி பார்த்தா..."

"உம்ம தர்க்கத்தை உலையில போடும்! மலை வாங்குச்சா, இல்லையா?"

"வாங்குச்சு மன்னா."

"சத்தமா!"

"மலை வாங்குச்சு!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார் விருபாட்சர்.

"அப்ப மலை இவருக்கு அப்பன்" என்றாள் பொம்மி. "அப்பன் நெஞ்சைப் பிளந்து பிள்ளை கூரை போடலாமா? ஐயாவே சொல்லட்டும்."

ராஜா முந்திக்கொண்டான். தன் வம்சம் உள்ளவரை கூகைமலையில் கடப்பாரை படக்கூடாது என்று உத்தரவு போட்டு, தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துப் பொம்மிக்குக் கொடுத்தான்.

"இனிமே பங்குனியில அலைய வேண்டாம்மா."

"வருவோம் மகராசா. உங்களுக்கு அப்புறம் உட்கார்றவருக்கும் சொல்லணுமில்ல?"

துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கிளம்பினாள். அவை கலைந்தது.

"நீர் போய்ப் பாறைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரும்" என்றான் ராஜா விருபாட்சரிடம்.

"கல்லுகிட்ட என்னன்னு கேக்கறது மன்னா?"

"அதை ஏறும்போது யோசியும்."

ராஜா உள்ளே போய்விட்டான். விருபாட்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மலையைப் பார்க்க நடந்தார்.